பொம்மை ரயில் எஞ்சினைப் பிரிப்பதும் சேர்ப்பதும்

(நம் சமுதாயக் கூடத்தில் ஞாயிறு மாலை குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் "பத்து நிமிஷம் சார்" என்று சொல்லித்தான் மைக்கைக் கொடுத்திருக்கிறார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் படித்தது பி.காம். 34 வருடம் வங்கியில் எழுத்தராக இருந்தேன். இங்கே எஞ்சினியரிங் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் பேசப்போவது ஓய்வுக்குப் பிறகு கையால் செய்து தெரிந்துகொண்டதை மட்டுமே.

மேஜை மேல் இருக்கும் இந்தச் சின்ன எஞ்சின் நம் சி பிளாக் அம்மா ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து வந்தது. காலமான அவருடைய கணவர் வெளிநாட்டு வேலையிலிருந்து திரும்பும்போது வாங்கிவந்தது. இங்கிலாந்தில் செய்தது. மின்சாரத்தில் ஓடுவது அல்ல. தண்ணீரைக் கொதிக்கவைத்து நிஜமான நீராவியில் ஓடுவது. "பேரன் லீவுக்கு வரும்போது ஒரே ஒரு தடவை ஓடினால் போதும்" என்றார் அந்த அம்மா.

முதலில் பிரிப்பது. வங்கியில் சாயங்காலம் டே புக் டாலி ஆகாமல் வீட்டுக்குப் போக முடியாது. இங்கும் அதே கணக்குதான். ஒரு திருகாணியைக் கழற்றினால் நோட்டில் ஒரு வரி எழுதுகிறேன்: எந்த இடம், இடதா வலதா, வாஷர் உண்டா. ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு படம். பாகங்களைப் போட்டுவைக்க முட்டை அட்டை. ஒரு குழிக்கு ஒரு நம்பர், அதே நம்பர் நோட்டிலும் இருக்கும். சேர்க்கும்போது கடைசி வரியிலிருந்து மேலே போனால் போதும். முடிவில் குழி எல்லாம் காலியாக வேண்டும். ஒரு வாஷர் மிஞ்சினாலும் கணக்கு இடிக்கிறது என்று அர்த்தம்.

திருகாணி தொலைந்தால் கடையில் கிடைப்பதை வாங்கி முறுக்கிவிடாதீர்கள். பழைய பிரிட்டிஷ் மாடல்களில் பி.ஏ. என்ற அளவு உண்டு. அதில் 6 பி.ஏ. என்பது 2.8 மி.மீ. குறுக்களவு. நம் கடைகளில் கிடைக்கும் எம் 3 என்பது 3 மி.மீ. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் பி.ஏ. மரையின் கோணம் 47.5 டிகிரி, மெட்ரிக் மரையின் கோணம் 60 டிகிரி. பலவந்தமாக ஏற்றினால் பித்தளைத் துளையின் மரை போய்விடும். திருகாணி சில ரூபாய்தான், துளை போனால் சட்டமே போச்சு.

அடுத்தது சிலிண்டர். இந்த வகை எஞ்சினில் சிலிண்டரே முன்னும் பின்னும் ஆடும். அதன் முதுகில் ஒரு துளை. அது உரசும் தகட்டில் இரண்டு துளைகள். ஒரு பக்கம் ஆடும்போது நீராவி உள்ளே வரும், மறுபக்கம் ஆடும்போது வெளியே போகும். தனியாக வால்வு கிடையாது. ஒரு ஸ்பிரிங்தான் இரண்டு முகங்களையும் ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் அந்த முகங்கள் கண்ணாடி போலச் சமமாக இருக்க வேண்டும். கண்ணாடித் தட்டில் 1000 நம்பர் நீர்ச் சாணைத் தாளை விரித்து, சிலிண்டரின் முகத்தை வைத்து, 8 போடுவதுபோல மெதுவாகத் தேய்க்க வேண்டும். கீறல் மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். பிறகு நன்றாகக் கழுவுங்கள். ஒரு துகள் தங்கினாலும் மறுபடி கீறும்.

சக்கரத்தைச் சேர்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இடப்பக்கத் திருகுமுனைக்கும் வலப்பக்கத் திருகுமுனைக்கும் நடுவே 90 டிகிரி வித்தியாசம் வேண்டும். ஒரு பக்கம் தள்ள முடியாத இடத்தில் நிற்கும்போது மறுபக்கம் தள்ளும். பெரிய இரட்டை சிலிண்டர் எஞ்சின்களிலும் இதே ஏற்பாடுதான். சிலிண்டரை மாட்டும் முன்னால் வெறும் சட்டத்தைச் சாய்வான பலகையில் வையுங்கள். தானாக உருண்டு இறங்க வேண்டும். எங்காவது இறுகினால் அங்கேயே சரிசெய்துவிடுங்கள். எல்லாம் மாட்டிய பிறகு இறுக்கம் எங்கே என்று தேடினால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இதுவரை சொன்னதில் தவறு நேர்ந்தால் எஞ்சின் ஓடாது, அவ்வளவுதான். பாய்லர் அப்படியல்ல. அதில் தவறு நேர்ந்தால் பக்கத்தில் நிற்கும் குழந்தையின் முகத்துக்கு ஆபத்து.

இதைப் புரியவைக்க நம் வீட்டுக் குக்கரே போதும். குக்கர் வெயிட் தூக்கும்போது உள்ளே சுமார் 1 பார் அழுத்தம் இருக்கும். இந்த மாதிரிச் சின்ன எஞ்சின்கள் பெரும்பாலும் 1 முதல் 3 பார் வரை. வெயிட் அடைத்துக்கொண்ட குக்கரை யாராவது அடுப்பில் வைப்பார்களா? இதன் சேஃப்டி வால்வு பல வருடம் பரணில் கிடந்து இறுகிப்போயிருந்தது. "சும்மா ஐந்து நிமிஷம்தானே, கொளுத்திப் பார்த்துவிடலாம்" என்று சொன்னவர்களும் உண்டு. நான் சம்மதிக்கவில்லை.

பாய்லரைக் குளிர்ந்த தண்ணீரால்தான் சோதிக்க வேண்டும். உள்ளே காற்றே இல்லாமல் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, அளவுமானியைப் பார்க்க வேண்டும். புது பாய்லருக்கு வேலை அழுத்தத்தைப்போல இரண்டு மடங்கு, பழையதற்கு ஒன்றரை மடங்கு என்பது பிரிட்டிஷ் மாடல் எஞ்சின் சங்கங்களின் வழக்கம். தண்ணீர் சுருங்காது. அதனால் இணைப்பு விட்டுக்கொடுத்தாலும் சொட்டுவதோடு நின்றுவிடும். நீராவியோ காற்றோ அப்படியல்ல, விரிந்து வெடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் சாதாரண அழுத்தத்தில் நீராவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும்.

வால்வை மாற்றி, பாய்லரைச் சோதித்தேன். ஒன்றரை மடங்கு வருவதற்கு முன்பே பின்மூடி சேரும் இடத்தில் முத்து முத்தாக நீர் கட்டியது. அந்த இணைப்பு ஈயப் பற்றால் ஆனது. தண்ணீர் தீர்ந்தபிறகும் எப்போதோ தீ எரிந்திருக்க வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை 3 பாரில்கூடச் சூடு 145 டிகிரியைத் தாண்டாது. வற்றிவிட்டால் உடனே ஏறும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். மேலே கொஞ்சம் பூசினால் பழுது மறையும், தீராது. ஈயம் பட்ட இடத்தில் வெள்ளிப் பற்றும் சரியாகப் பிடிக்காது. புது பாய்லர்தான் வழி.

அந்த அம்மாவிடம் இதைச் சொல்வதுதான் இந்த வேலையிலேயே சிரமமாக இருந்தது. பேரன் ஊருக்குத் திரும்ப நான்கு நாள்தான் இருந்தது. ஆனால் மாடல் எஞ்சின்காரர்கள் கையாளும் ஒரு வழி உண்டு. பாய்லரைக் கழற்றி வைத்துவிட்டு, சிலிண்டருக்குப் போகும் குழாயில் காற்றைக் கொடுக்கலாம். பி பிளாக் நண்பர் டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸரைக் கொடுத்தார். சட்டத்தை இரண்டு மரக்கட்டைமேல் தூக்கி வைத்து, கெட்டியான சிலிண்டர் ஆயில் விட்டு, காற்றை மெதுவாகத் திறந்தோம். சக்கரம் ஒரு தடவை தயங்கிவிட்டு, சடசடவென்று சுற்ற ஆரம்பித்தது.

பையன், "புகை வரலையே தாத்தா?" என்று கேட்டான். அந்த அம்மா மட்டும், "இதே சத்தம்தான்" என்றார்.

புகை அடுத்த லீவுக்கு வரும். புது பாய்லர் வந்ததும் முதலில் தண்ணீர்ச் சோதனை, பிறகுதான் தீ. எஞ்சினுக்கு வயது ஒரு தடையே இல்லை. 1855-ல் கட்டிய ஃபேரி குவீன் 1997-ல் மறுபடி தண்டவாளத்தில் ஓடவில்லையா? சோதிக்காத பாய்லர்தான் தடை.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை என்னிடம் காட்டுங்கள். ஞாயிறு மாலை 4 முதல் 5 வரை இதே கூடத்தில் இருப்பேன். பிள்ளைகளையும் அனுப்புங்கள், நோட்டு எழுதும் வேலை அவர்களுக்கு. பாய்லர் உள்ள எதையும் வீட்டில் கொளுத்திப் பார்த்துவிட்டு மட்டும் கொண்டுவராதீர்கள். போர் தண்ணீரையும் ஊற்றாதீர்கள், உப்பு படியும். மொட்டைமாடி மழைநீரை வடிகட்டி வைத்தாலே போதும்.

பத்து நிமிஷம் தாண்டிவிட்டது, செயலாளர் பார்க்கிறார்.