களஞ்சியம் காத்த நபியும் கல்வராயன்மலை விவசாயியும்

(கள்ளக்குறிச்சியில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய அமர்வில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

மன்னர் கண்ட கனவுக்கு யூசுஃப் நபி (அலை) விளக்கம் சொன்ன வரலாறு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஏழாண்டு விளைச்சல், அடுத்து ஏழாண்டு பஞ்சம் என்று சொன்னதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. தானியத்தைக் கதிரோடு சேமிக்கவும், உண்பதற்கு மட்டும் எடுக்கவும் வழி சொன்னார்கள். களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது இரண்டு தகுதிகளை எடுத்துரைத்தார்கள்: காக்கும் நாணயம், விவரம் அறிந்த அறிவு. ஆட்சிக்கு நாணயம் மட்டும் போதாது. கணக்கறிவும் வேண்டும் என்பதே படிப்பினை.

இந்த அளவுகோலை நம் மாவட்டத்தில் வைத்துப் பாருங்கள். கல்வராயன் மலையில் மரவள்ளியும் சாமையும் விளைகின்றன. கிழங்கு ஆத்தூர், சேலம் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குப் போகிறது. சமவெளி மக்காச்சோளம் நாமக்கல் கோழித் தீவனத்துக்குப் போகிறது. மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் பயிர்களில் மக்காச்சோளம் உண்டு. மரவள்ளியும் சாமையும் இல்லை! 1965-ல் அமைந்த விலை ஆணையம் விதை, உரம், கூலி என்று செலவைக் கணக்குப் பார்த்துத்தான் விலையைப் பரிந்துரைக்கிறது. பட்டியலில் இல்லாத பயிருக்காக அந்தக் கணக்கு பேசுவதில்லை. ஆலை வாசலில் சொல்வதே பெரும்பாலும் விலை.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு வேளாண்மைக்கென முதன்முதலாகத் தனி நிதிநிலை அறிக்கை தந்தது. வரவேற்கிறோம். ஆனால் பணம் ஒதுக்குவது ஒன்று. எந்தப் பயிருக்கு, எப்போது, எவ்வளவு என்று ஆய்ந்து சொல்வது வேறொன்று. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் விலை முன்னறிவிப்பு தருகிறது. அப்படி ஆராயும் வல்லமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் வேண்டும். கிராம அடங்கலும், பயிர் அறுவடைப் பரிசோதனையும், ஒழுங்குமுறை விற்பனைக்கூட விலையும் ஒரே மேசைக்கு வரவேண்டும். மலை விவசாயியின் செலவு தனியே கணக்கிடப்பட வேண்டும். இதுவே நம் கோரிக்கை.

வியாபாரிகளே, ஒரு கசப்பான உண்மை. இருப்பை மறைப்பவரும் எடையைக் குறைப்பவரும் உள்ள சந்தையில் அரசின் கணக்கு எப்படிச் சரியாகும்? அளவையில் மோசடி செய்த மத்யன்வாசிகளின் முடிவை நாம் ஓதவில்லையா? நம் சிட்டை நேராக இருந்தால்தான் அரசிடம் கணக்குக் கேட்கும் தகுதி நமக்கு வரும்.

இளைஞர்களே! புள்ளியியலும் பொருளாதாரமும் வேளாண்மையும் படியுங்கள். தேர்வாணையத் தேர்வு எழுதிப் புள்ளியியல் துறைக்குள் செல்லுங்கள். யூசுஃப் நபி பசி தீர்த்தது தம் குடும்பத்துக்கு மட்டுமல்ல, ஒரு நாட்டுக்கே! மலையிலிருந்து கிழங்கோடு இறங்கிவரும் அந்த மனிதரின் கணக்கையும் நீங்கள் எழுதுங்கள்.

வல்ல அல்லாஹ் துணை நிற்பானாக! ஆமீன்.