பொட்டலத் தாளில் போன ரகசியம்

கச்சாங் பூத்தே தின்று முடித்த பிறகும் அந்தக் காகிதக் கூம்பைப் பிரித்துப் பார்க்காதவர் உண்டா? யாரோ ஒரு பிள்ளையின் பழைய கணக்குத் தாள். பெயர், வகுப்பு, ஆசிரியர் போட்ட முட்டை, எல்லாம் அதில் இருக்கும். கடலைக்காரருக்கு யார் ரகசியமும் தேவையில்லை. கைக்குக் கிடைத்த தாளைச் சுருட்டினார், அவ்வளவுதான்.

கணினிகளும் இப்படித்தான் செய்துகொண்டிருந்தன. ஓஃபிர் ஆர்கின், ஜோஷ் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் 2003 ஜனவரியில் அதை அம்பலப்படுத்தினார்கள். அந்தக் கசிவுக்கு ‘ஈதர்லீக்’ என்று பெயர்.

கேபிளில் போகும் ஒவ்வொரு ஈதர்நெட் பொட்டலத்திலும் குறைந்தது 46 பைட் சரக்கு இருந்தாக வேண்டும். ‘பிங்’ என்பது ஒரு கணினி இன்னொன்றைப் பார்த்து ‘இருக்கிறாயா?’ என்று கேட்பது. அதில் ஒரே ஒரு பைட் செய்தி வைத்தால், முகவரி விவரங்களோடு சேர்த்தும் 29 பைட்தான் தேறும். மீதி 17? பூஜ்யம் போட்டு நிரப்புங்கள் என்று 1988-லேயே விதி எழுதிவிட்டார்கள். லினக்ஸ், விண்டோஸ் போன்றவற்றில் நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள்கள் பலவற்றை எழுதியவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. நினைவகத்தில் பழசாகக் கிடந்தது, சற்றுமுன் போன வேறொரு பொட்டலத்தின் துண்டு உட்பட, பதிலோடு ஒட்டிக்கொண்டு வெளியே போனது. ஒரு கடவுச்சொல்லுக்கு 17 பைட் தாராளம். கேட்பவர் எத்தனை முறையும் கேட்கலாம். பூட்டு உடையவில்லை, வைரஸ் நுழையவில்லை. கணினியே மரியாதையாக எடுத்துக் கொடுத்தது.

கூலிம் ஹைடெக் பார்க்கில் சிப் தொழிற்சாலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இது புரியும்: சிப்பில் குறை இல்லாவிட்டாலும், டிரைவரில் ஒரு வரி விட்டுப்போனால் போதும்.

ஒரு ஆறுதல் உண்டு. அந்த நிரப்புச் சரக்கு ரௌட்டரைத் தாண்டாது. எங்கோ வெளிநாட்டில் இருப்பவன் பாலிங்கில் உள்ள கணினியிடமிருந்து இதைக் கறக்க முடியாது. அதே நெட்வொர்க்கில் அவனும் இருக்க வேண்டும். ஆனால் முகம் தெரியாதவர்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரும் சைபர் கஃபேயில் அந்த ஆறுதல் எவ்வளவு தூரம் வரும்?

பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2021 ஜனவரியில் பாலோ ஆல்டோ நிறுவனத்தின் சில ஃபயர்வால்களில் இதே ஓட்டை. காவலுக்கு வைத்த பெட்டியே கசிந்தது! திருத்தம் வந்தது, பொருத்தியவர்களுக்குத்தான் பலன்.

சுங்கைப்பட்டாணியிலோ பீடோங்கிலோ கிளினிக், கடை நடத்துகிறீர்களா? கல்லாக் கணினி இருக்கும் நெட்வொர்க்கிலேயே வாடிக்கையாளர் வைஃபையும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், பொருத்திக் கொடுத்தவரைக் கூப்பிட்டு இரண்டையும் பிரிக்கச் சொல்லுங்கள். வந்த கையோடு ரௌட்டருக்கும் அப்டேட் போட்டுவிட்டுப் போகட்டும்.