பயறுப் பணியாரமும் பயறு விவசாயியும்

(உழவர் பயிற்சி முகாமில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நெல் தரிசில் பாசிப்பயறு சாகுபடி பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். விதை அளவு, விதைநேர்த்தி, மருந்து ஆகியவற்றைக் காலையிலேயே மற்றவர்கள் விளக்கிவிட்டார்கள். எனவே, பயறு நம் களத்தை விட்டுப் போன பிறகு அதற்கு என்ன நேர்கிறது என்பதை நான் சொல்கிறேன். அதற்காக உங்களைச் சிறிது நேரம் பிலிப்பைன்ஸ் நாட்டிற்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

அந்நாட்டில் லாஸ் பான்யோஸ் என்ற ஊரில் 1960-ல் தொடங்கப்பட்ட அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கு ஒரு குறுகிய காலப் பயிற்சிக்குச் சென்றிருந்தேன். அந்நாட்டு மக்கள் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு இடையே முற்பகலிலும் பிற்பகலிலும் சிற்றுண்டி அருந்துவார்கள். அதற்கு மெரியெண்டா என்று பெயர். ஸ்பெயின் நாட்டார் ஆண்ட காலத்தில் வந்த சொல் அது. வயல் வேலைக்காரரும் அலுவலகத்தாரும் பள்ளிப் பிள்ளைகளும் அந்த நேரத்தை விடுவதில்லை.

முதல் நாள் பிற்பகல் காப்பியோடு என் முன் வைக்கப்பட்டது உள்ளங்கையில் அடங்கும் ஓர் உருண்டைப் பணியாரம். மேலே பொன்னிறம், கடித்தால் ஏடு ஏடாக உதிர்ந்தது. உள்ளே மஞ்சள் நிறத்தில் இனிப்புப் பூரணம். ஒரு வாய் தின்றதுமே, "இது நம் பாசிப்பருப்பு அல்லவா!" என்று சொல்லிவிட்டேன். நம் வீட்டுச் சுழியத்தின் உள்ளே இருப்பதற்கு அது நெருங்கிய உறவு.

ஹோப்பியா என்னும் பணியாரம்

இதன் பெயர் ஹோப்பியா. தென் சீனாவின் ஃபூக்கியன் பகுதியிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த பண்டம் இது. அவர்கள் மொழியில் 'நல்ல பணியாரம்' என்று பொருள். மணிலா நகரில் 1594-ல் ஏற்பட்ட பினோண்டோ என்னும் சீனர் குடியிருப்பு இன்றும் ஹோப்பியாவுக்குப் பெயர் பெற்றது. ஆனால் இப்போது அது சீனர் பண்டமாக மட்டும் இல்லை. சிற்றூர்ப் பெட்டிக் கடையிலும் பேருந்து நிலையத்திலும் பொட்டலமாக விற்கிறார்கள். ரொட்டிக் கடைகளில் இதன் தம்பி போல இன்னொன்றும் கிடைக்கும். பாண் தெ மொங்கோ என்பார்கள். இனிப்பிட்ட பயறு மசியலை உள்ளே வைத்துச் சுட்ட பன் ரொட்டிதான் அது. மொங்கோ என்றால் அவர்கள் பேச்சில் பயறு.

செய்முறையைத் தாய்மார்கள் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தோல் நீக்கிய பாசிப்பருப்பை ஊறவைத்து, குழைய வேகவைத்து மசிக்கிறார்கள். சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்து, சட்டியில் ஒட்டாமல் சுருளும் வரை கிளறுகிறார்கள். மேல் மாவு இரண்டு வகை. ஒன்று தண்ணீரும் கொழுப்பும் விட்டுப் பிசைந்தது. மற்றது கொழுப்பு மட்டும் விட்டுப் பிசைந்தது. முதல் மாவுக்குள் இரண்டாவதை வைத்து, தேய்த்து, மடித்து, மீண்டும் தேய்ப்பதால்தான் ஏடு ஏடாகப் பிரிகிறது. பிறகு பூரணத்தை உள்ளே வைத்து மூடி அடுப்பறையில் சுடுகிறார்கள். பழைய முறையில் பன்றிக் கொழுப்பே சேரும். தாவர எண்ணெயில் செய்வோரும் உண்டு. சைவ உணவினர் கேட்டு வாங்க வேண்டும்.

சத்திலும் இது நல்ல சேர்க்கை. பயற்றில் ஏறத்தாழ 24 சதம் புரதம் உண்டு. கோதுமையில் குறைவாக உள்ள லைசின் பயற்றில் நிறைய இருக்கிறது. பயற்றில் குறைவாக உள்ள கந்தகச் சத்துள்ள அமினோ அமிலங்களைக் கோதுமை ஈடு செய்கிறது. ஆனால் சர்க்கரையும் கொழுப்பும் மிகுதி என்பதால் இதையே உணவாகக் கொள்ளலாகாது.

மாவு எங்கே, பயறு எங்கே?

இனி விவசாயிக்கு உரிய செய்திக்கு வருகிறேன். ஹோப்பியாவின் மேல் மாவு கோதுமை மாவு. பிலிப்பைன்ஸில் கோதுமை வணிக அளவில் விளைவதில்லை. கப்பலில் வந்து இறங்குகிறது. ஆகவே மேல் மாவில் அந்நாட்டு விவசாயிக்குப் பங்கு இல்லை. உள்ளே இருக்கும் பயறுதான் அவனுக்கு உரியது.

அந்தப் பயறு விளைவது நெல் வயலில். வடக்கே பங்கசினான், இலோகோஸ் பகுதிகளில் மழைக்கால நெல்லை அறுத்தபின், மண்ணில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டே பயறு விளைவிக்கிறார்கள். ஓரிரு சால் உழுது விதைப்போரும் உண்டு, உழாமலே விதைப்போரும் உண்டு. 60 முதல் 65 நாளில் காய் முற்றிவிடுகிறது. 1970-களில் நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பங்கசினானில் விவசாயிகளின் வயல்களிலேயே பயிர்த் திட்ட ஆய்வுகள் நடத்தினார்கள். 1976-ல் வெளிவந்த ஐ.ஆர். 36 போன்ற குறுகிய வயது நெல், வயலை முன்னதாகவே விடுவித்தது. அப்படிக் கிடைத்த நாட்கள் பயற்றுக்கு உதவின. அங்கே வெளியிட்ட பயறு இரகங்களுக்குப் 'பாக்-அசா' என்று பெயர் வைத்தார்கள். 'நம்பிக்கை' என்று பொருள்.

ஆயினும் சராசரி விளைச்சல் எக்டருக்கு ஒரு டன்னை எட்டவில்லை. உள்நாட்டு விளைச்சல் போதாமல் பயறும் இறக்குமதியாகிறது. தினமும் தின்ன ஆள் இருந்தும், உள்ளூர் விவசாயி அந்தச் சந்தையைப் பாதிதான் பிடித்திருக்கிறான். காரணம் என்ன? அதை நான் ஒரு களத்தில் பார்த்தேன்.

ஒரு களத்தில் கண்டது

பங்கசினானில் ஒரு சிறு விவசாயியின் வீட்டிற்குப் போயிருந்தோம். விலை ஏறட்டும் என்று இரண்டு மாதம் மூட்டையில் வைத்திருந்த பயற்றை அன்று வியாபாரிக்குப் போட்டார். வியாபாரி ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். சில பயற்றில் வட்டமான துளை. சிலவற்றின் மேல் வெள்ளைப் புள்ளிபோல் வண்டின் முட்டை. மழையில் நனைந்து கறுத்தவையும் கலந்திருந்தன. பேச்சு நீளவில்லை. தீவன விலைக்குத்தான் எடுத்துக்கொண்டார்.

"பணியாரக்காரர் இதை வாங்க மாட்டார். பூரணம் கறுத்துப்போகும், கசக்கும்" என்றார் வியாபாரி. விவசாயி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் தன் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம் ஹோப்பியா வாங்கினார். தாம் விளைவித்த பயறு புக முடியாத பண்டத்தை முழு விலை கொடுத்து வாங்கினார். எனக்கு மனம் கனத்தது. அவர் உழைப்பில் குறை இல்லை. அறுவடைக்குப் பின் செய்ய வேண்டியதில்தான் குறை.

நமக்கு உரிய பாடம்

பெருமக்களே, பாசிப்பயறு நம் நாட்டில் தோன்றிய பயிர். இங்கிருந்துதான் கிழக்கு நாடுகளுக்குப் போயிற்று. நம் காவிரிப் பாசனப் பகுதியிலும் சம்பா, தாளடி நெல் அறுக்குமுன் நிற்கும் பயிரிலேயே பயறும் உளுந்தும் தெளிக்கிறோம். அவர்கள் தவறு நமக்கும் நேரக்கூடியதே. எனவே நான்கு செய்திகளை நினைவில் வையுங்கள்.

1. ஈரம் போகுமுன் விதையுங்கள். தரிசுப் பயற்றுக்கு ஈரம்தான் பாசனம். பிந்தும் ஒவ்வொரு நாளும் விளைச்சலைக் குறைக்கும்.

2. காய்கள் ஒரே நாளில் முற்றுவதில்லை. ஆள் கிடைத்தால் முற்றிய காய்களை இரண்டு மூன்று முறை பறியுங்கள். செடியில் விட்டு மழையில் நனைந்த காய் முளைவிடும், நிறம் கெடும்.

3. வண்டு மூட்டையில் பிறப்பதில்லை. முற்றிய காயின்மேல் வயலிலேயே முட்டையிட்டு, அங்கிருந்து நம்மோடு வீட்டிற்கு வருகிறது. ஆகவே உடனே அடித்து, ஈரம் 10 சதத்திற்குள் வரும்வரை வெயிலில் நன்கு காயவையுங்கள். பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும்.

4. உணவுக்கோ விதைக்கோ வைக்கும் பயற்றில் கிலோவுக்கு 5 மில்லி சமையல் எண்ணெய் விட்டுப் புரட்டி, காற்றுப் புகாத கலத்தில் அடையுங்கள். பழைய சாக்கில் புதுப் பயற்றைக் கொட்டாதீர்கள். துளை விழுந்ததையும் கறுத்ததையும் பிரித்து வையுங்கள். கலந்து போட்டால் முழு மூட்டைக்கும் மட்ட விலைதான் கிடைக்கும்.

இவற்றுக்கு அதிகச் செலவு இல்லை. வெயிலும் சிறிது எண்ணெயும் வீட்டார் கவனமும் போதும்.

நாம் விளைவிப்பதை யார் வாங்குகிறார், எதற்கு வாங்குகிறார் என்று தெரிந்துகொண்டு விளைவித்தால் நம் பயறு தீவன விலைக்குப் போகாது. அந்தப் பங்கசினான் விவசாயி கையில் இருந்த பொட்டலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வரும் பங்குனி, சித்திரையில் நீங்கள் பயறு காயவைக்கும்போது அவரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.