பீலித் தண்ணீர் கலங்கினால்



2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. மாற்று வீடில்லாத சனம் எங்கே போகும்?

24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் பெய்தால் வெளியேற வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் அளவு. பாடசாலை மழைமானியைப் பிள்ளைகள் பார்த்துப் பிரட்டுக்கு முன்னே சொல்வார்கள். கணக்கில் மட்டமான பையன்தான் இதில் கெட்டிக்காரன்!

இராத்திரியில் அளவுக்குக் காத்திருக்காதீர்கள். பீலித் தண்ணீர் கலங்கினாலோ, திடீரென நின்றாலோ, லயத்துக்கு மேலே நிலம் வெடித்தாலோ, வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பாடசாலைக்கு வாருங்கள். அடையாள அட்டை, சேமலாப நிதிக் காகிதம் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். அன்றைய பேர் போகுமே என்று மலைக்கு ஏறாதீர்கள். பேருக்காகச் சங்கம் துரையோடு பேசும்.

ஞாயிறு காலை மேல்லயத்துக் கான் வெட்டுகிறோம். மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள்.