7157 என்றால் மரபணுவா, கொசுவா?



அமெரிக்காவின் தேசிய உயிர்த்தொழில்நுட்பத் தகவல் மையத்தில் 7157 என்று தேடினால் என்ன கிடைக்கும்? மரபணுப் பட்டியலில் தேடினால் டிபி53 வரும். செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் மரபணு அது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் அது பழுதாகியிருக்கிறது. அதே மையத்தின் உயிரின வகைப்பாட்டுப் பட்டியலில் தேடினாலோ க்யூலிசிடே, அதாவது கொசுக் குடும்பம் முழுவதும் வந்து நிற்கும்!

மையத்தின் மேல் தப்பில்லை. ஒவ்வொரு பட்டியலும் தனித்தனியாக எண் போட்டுக்கொள்கிறது. ஆய்வாளர் ஒருவர் தம் அட்டவணையில் வெறும் 7157 என்று எழுதி இணையத்தில் ஏற்றிவிட்டால், பின்னால் வரும் கணினி நிரல் எங்கே போய்த் தேடும்? மனிதர் என்றால் முன்பின் படித்து ஊகித்துக்கொள்வார். நிரலுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. அதனால்தான் எண்ணுக்கு முன்னால் பட்டியலின் சுருக்கப் பெயரும் ஒரு முக்காற்புள்ளியும் கேட்கிறார்கள். இங்கிலாந்தின் ஹிங்ஸ்டனில் உள்ள ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனம் நடத்தும் ஐடென்டிஃபையர்ஸ்.ஆர்க், இந்த முன்னொட்டுகளைப் பதிந்துவைத்து, கேட்டவரை உரிய பக்கத்துக்கு அனுப்புகிறது. தரவுத்தளம் வேறு முகவரிக்குக் குடிபோனால் ஐடென்டிஃபையர்ஸ்.ஆர்க் பதிவில் ஒரு திருத்தம் போதும்.

பெயரையே எழுதிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். பெயர் மாறும். செப்ட்1, மார்ச்1 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் விரிதாள் நிரல் தேதிகளாக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020இல் மரபணுக்களே விட்டுக்கொடுத்தன: மனித மரபணுப் பெயரிடல் குழு அவற்றை செப்டின்1, மார்ச்எஃப்1 என்று மாற்றியது. குழு தந்திருந்த எண்கள் மட்டும் அப்படியே நின்றன.

சரி, எண் நிலைத்திருக்க, உள்ளே இருப்பது திருந்தினால்? 2020 ஜனவரியில் கொரோனா வைரஸின் மரபணுத் தொடர் ஜென்பேங்க் தரவுத்தளத்தில் எம்என்908947 என்ற எண்ணில் ஏறியது. முதல் பதிப்பின் நீளம் 30,473 எழுத்துகள். சில நாட்களிலேயே இரண்டு திருத்தங்கள். மூன்றாம் பதிப்பில் 29,903. எண் அதேதான், புள்ளிக்குப் பின்னால் 1, 2, 3 என்று மட்டும் ஏறியது. "23,403ஆம் எழுத்து மாறிவிட்டது" என்று பிற்பாடு உலகமே பேசியபோது, எந்தப் பதிப்பை வைத்து எண்ணினார்கள் என்பதைச் சொன்னது அந்தப் புள்ளிதான்.

நேரம் நெருங்குகிறது. முன்னொட்டு, எண், புள்ளி, பதிப்பு என்ற வரிசையில் தம் ஆய்வேட்டு அட்டவணையைச் சரிபார்க்க, கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர் யாரேனும் இன்றிரவே உட்காருவார் என்று நம்பலாம்.