மருத்துவத் தரவு அறிவியல்: கல்வியும் பணியும் பொறுப்பும்

புதுடில்லி அன்சாரி நகரிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் புறநோயாளிப் பிரிவுக்குத் தலைநகர மக்கள் மட்டுமின்றி, உத்தரப் பிரதேசம், பீகார் முதலிய மாநிலங்களின் மக்களும் வருகின்றனர். ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எண் உண்டு. அந்த எண்ணின்கீழ் பரிசோதனை முடிவுகளும் மருந்து விவரங்களும் சேர்கின்றன. இவ்வாறு சேரும் விவரங்களிலிருந்து சிகிச்சைக்கும் திட்டமிடுதலுக்கும் பயன்படும் உண்மைகளைக் கண்டறிபவரே மருத்துவத் தரவு அறிவியலாளர்.

பெயர் புதிது, பணி பழையது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1977ஆம் ஆண்டில் டில்லியில் மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. 2005இல் தேசிய நிலையமாக உயர்ந்த அது, இன்று எண்ணியல் சுகாதாரத்தையும் தரவு அறிவியலையும் தன் பெயரிலேயே கொண்டுள்ளது.

இப்பணியின் ஆற்றலுக்குச் சிறந்த சான்று சென்னையில் உண்டு. 1956இல் அங்கு தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வில், நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வீட்டிலும், மற்றவர் மருத்துவ விடுதியிலும் சிகிச்சை பெற்றனர். குடும்பத்தாரும் கண்காணிக்கப்பட்டனர். வீட்டுச் சிகிச்சை விடுதிச் சிகிச்சைக்கு ஏறத்தாழ இணையானது என்றும், அதனால் குடும்பத்தாருக்கு அபாயம் மிகவில்லை என்றும் அவ்வாய்வின் முடிவுகள் காட்டின. படுக்கை வசதி குறைந்த நாடுகளின் காசநோய்த் திட்டங்களையே அம்முடிவு மாற்றியது.

செல்லும் வழி

இத்துறைக்குப் புள்ளியியல், கணிதம், கணிப்பொறியியல், மருத்துவம் ஆகிய எத்துறையிலிருந்தும் வரலாம். டில்லியிலும் மையம் கொண்டுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனம் புள்ளியியலிலும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி உயிர்ப்புள்ளியியலிலும் முதுநிலைக் கல்வி அளிக்கின்றன. அரசுப் பணியை விரும்புவோருக்கு, 1961இல் அமைக்கப்பெற்ற இந்தியப் புள்ளியியல் பணிக்கான தேர்வு உள்ளது. ஆராய்ச்சி நிலையங்களும் மருத்துவமனைகளும் மருந்து நிறுவனங்களும் இத்தகையோரை நாடுகின்றன. எனினும், விவரம் பதிவாகும் இடத்தில் சில காலம் பணியாற்றாதவரின் பயிற்சி முழுமையானதாகாது.

விடுபட்டவர் யார்?

மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் கொண்டு ஓர் ஊரின் நோயளவைக் கணிக்க இயலாது. டில்லி மருத்துவமனையின் நோயாளிகளில் பலர் டில்லிவாசிகள் அல்லர். டில்லியின் நோயாளிகளில் பலரோ அங்கு வந்து சேராதவர்கள். நாட்டில் 2020இல் பதிவான மரணங்களுள் 22.5 சதவீதத்திற்கு மட்டுமே மருத்துவர் சான்றளித்த காரணம் கிடைத்தது. எஞ்சியோர் எந்நோயால் இறந்தனர் என்பதை எத்துணை வேகமான கணிப்பொறியும் தானாக அறியாது. நகர மருத்துவமனையின் விவரங்களால் பயிற்றுவிக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு, கிராம ஆரம்ப சுகாதார நிலையத்தில் தவறக்கூடும். அத்தவறின் விலையைச் செலுத்துபவர் ஏழை நோயாளியே. ஆதலால், 'இப்பட்டியலில் விடுபட்டவர் யார்?' என்பதே இத்துறையினர் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

நோயாளியின் நம்பிக்கையைக் காப்பது அடுத்த கடமை. மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவுக்கான நெறிமுறைகளை மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2023இல் வெளியிட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அவ்வாண்டில் இயற்றப்பட்டது. சட்டம் எல்லையை வகுக்கும். அதனுள் நேர்மையுடன் பணிபுரிவது மனிதரின் பொறுப்பு.

இத்துறைக்கு வரும் இளைஞர்கள் கணிப்பொறியை நன்கு கற்க வேண்டும். அதனினும் நன்றாக, ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் வரிசையில் காத்து நிற்கும் ஒரு மனிதர் உண்டு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.