வாத்தியத்தைத் திருத்துவது யார்?



மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை அடுத்து நாலந்தா என்னும் சிற்றூர் உள்ளது. தென்னிந்தியக் கோயிற் கலையின் சாயலில் அமைந்த ‘கெடிகே’ என்னும் கற்கோயிலால் பெயர் பெற்ற ஊர் அது. போவதென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது நீரில் மூழ்கவிருந்த அக்கோயிலைக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டு நிலத்தில் மீண்டும் எழுப்பினார்கள். கழற்றுவது எவர்க்கும் கைவரும். கழற்றியதை முன்போலப் பொருத்துவதற்கே தேர்ந்த கை வேண்டும்.

இவ்வூரில் இளைஞன் ஒருவன் மௌத் ஆர்கன் வாசிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் அதன் நான்காம் துளை ஊமையாகிவிடுகிறது. இத்தகைய வாத்தியங்களைத் தனித்தனியே செப்பனிட்டு, வாசிப்பவருடைய மூச்சுக்கு ஏற்பத் திருத்தித் தரும் வல்லுநர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் அனுப்பினால், வாத்தியத்தின் விலையைக் காட்டிலும் தபாற் செலவும் கூலியும் மிகுந்துவிடும். தானே திருப்புளியைக் கையில் எடுத்தால், இருக்கும் ஒரே வாத்தியமும் கெட்டுப்போகலாம். அவன் என்ன செய்வது?

முதலில் அதனுள்ளே இருப்பதைப் பார்ப்போம். ஜெர்மனியின் திரோசிங்கன் நகரில் மத்தியாஸ் ஹோனர் 1857இல் தொடங்கிய தொழிலகமே இவ்வாத்தியத்தை உலகெங்கும் பரப்பியது. பத்துத் துளை வாத்தியத்தில், துளைக்கு இரண்டாக இருபது உலோக நாக்குகள் உண்டு. இவற்றையே ரீடு என்கிறோம். ஒன்று ஊதும்போது அதிரும். மற்றது உறிஞ்சும்போது அதிரும். ரீடின் நுனியில் இம்மியளவு சுரண்டினால் சுருதி ஏறும். அடியில் சுரண்டினால் இறங்கும். தகட்டுக்கும் ரீடுக்கும் உள்ள இடைவெளி மிகக் குறுகினால், வேகமாக ஊதும்போது ரீடு திகைத்து நின்றுவிடும். மிக விரிந்தால் மூச்சு வீணாகும். தகடுகளும் நடுச்சட்டமும் நன்றாகப் படியாத இடத்தில் காற்றுக் கசியும். வல்லுநர் செய்வதெல்லாம் பெரும்பாலும் இவ்விடைவெளியையும் கசிவையும் சுருதியையும் ஒழுங்குபடுத்துவதேயாகும். அமெரிக்காவில் ஹவர்ட் லீவி என்பவர், பத்துத் துளையில் விடுபட்ட சுரங்களையும் ஊதும் முறையினாலேயே எழுப்பிக் காட்டினார். அவ்வகை வாசிப்புக்குத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உள்ள வாத்தியம் எளிதில் இணங்குவதில்லை. ஜோ ஃபிலிஸ்கோ போன்ற கைவினைஞர்களுடைய உழைப்பு அங்கே தேவைப்பட்டது.

இது நம் இசைக்கும் புறம்பான செய்தியன்று. ஹார்மோனியத்தில் சுரங்கள் அசையாமல் நிற்பதால் கமகத்துக்கு இடமில்லை என்று கருதி, அகில இந்திய வானொலி அதனை 1940 முதல் 1971 வரை விலக்கி வைத்திருந்தது. மௌத் ஆர்கனோ, சில துளைகளில் மூச்சாலேயே சுரத்தை வளைக்க இடம் தருகிறது. நம் பாட்டை வாசிக்க விரும்புவோனுக்கு ரீடின் இடைவெளி அற்பமான காரியமன்று.

வல்லுநரா, வாசிப்பவரா என்னும் இவ்வழக்கை நாகசுர உலகம் எப்போதோ தீர்த்துக்கொண்டுவிட்டது. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகசுரம் செய்கிறார்கள். பழைய வீடுகளிலிருந்து கிடைக்கும் முதிர்ந்த மரத்தையே அதற்கு விரும்புவர். இவ்வூர் நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. துளையிடும் வேலையில் எந்த வித்துவானும் கை வைப்பதில்லை. அது ஆச்சாரியின் உரிமை. ஆனால் சீவாளி அவ்வாறன்று. நாணலைப் பதப்படுத்திச் சீவாளி செய்து தருவதற்குத் திருவாவடுதுறைப் பகுதியில் தொழிலாளர் இருக்கிறார்கள். அதன் வாயை இளக்குவதும் இறுக்குவதும் வித்துவானுடைய வேலை. நாகசுரத்தோடு தொங்கும் ஊசியும் மாற்றுச் சீவாளிகளும் அலங்காரத்துக்காக அங்கே இல்லை. விரல் வைக்கும் ஏழு துளைகளுக்குக் கீழே உள்ள துளைகளில் மெழுகை வைத்தும் எடுத்தும் நாதத்தைச் சரிசெய்வதும் அவரே. மெழுகைத் தவறாக வைத்தால் எடுத்துவிடலாம். மரத்தில் தவறாக இட்ட துளையை எடுக்க முடியாது. வேலைப் பிரிவினை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின்மேல் நிற்கிறது.

ஆயினும் ஆச்சாரி தனித்து நின்று வென்றார் என்றும் சொல்ல முடியாது. திமிரி எனப்படும் குட்டை நாகசுரத்தின் உச்சச் சுருதியை விட்டுத் தாழ்ந்த சுருதியை நாடிய திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக, சுத்த மத்தியமம் செம்மையாகப் பேசும் பாரி நாகசுரத்தை 1950களில் உருவாக்கியவர் நரசிங்கன்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி. கடைபவருடைய கையும் வாசிப்பவருடைய செவியும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது. 1956இல் ராஜரத்தினம் பிள்ளை மறைந்த பின்னும் பாரி நிலைத்துவிட்டது. தபாலில் அனுப்பித் தபாலில் பெறும் திருத்தத்தில் இந்த உறவு கிடைப்பதரிது. வாசிப்பவர் தம் குறை இன்னதென்று சொல்லத் தெரியாவிடின், உலகத்தின் தலைசிறந்த வல்லுநரும் தமக்குப் பிடித்த வாத்தியத்தையே செய்து அனுப்புவார்.

நாலந்தா இளைஞனுக்கு நாகசுரத்தின் நியாயம் அப்படியே பொருந்தும். திரும்பப் பெறக்கூடிய வேலைகளை அவன் தானே செய்யலாம். மூடியைக் கழற்றிப் பார்த்தால், ஊமையான ரீடில் சட்டைப்பையின் பஞ்சு இழையொன்று சிக்கியிருப்பதைக் காண்பதே பெரும்பாலும் நடக்கும். மெல்லிய காகிதத் துண்டை ரீடின் அடியில் நுழைத்து மெதுவாக இழுத்தால் அது வெளிவரும். ரீடை இம்மியளவு உயர்த்துவதும் தாழ்த்துவதும் மீண்டும் திருத்தக்கூடியவையே. அரம் கொண்டு சுரண்டுவதுதான் ஆச்சாரியின் துளைக்கு ஒப்பானது. சுரண்டிய பித்தளை திரும்ப ஒட்டாது. சுரண்டல் ஆழ்ந்துவிட்டால் அந்த இடத்திலேயே ரீடு பின்னொரு நாள் முறிந்துவிடும்.

அதற்காக அரத்தை என்றுமே தொடலாகாது என்பதில்லை. கூப்பிடு தூரத்தில் வல்லுநர் இல்லாத ஊரில், கற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. பழுதாகி எறியப்பட்ட மௌத் ஆர்கன் ஒன்றில் பல முறை பழகிய பின்னரே நல்ல வாத்தியத்தைத் தொட வேண்டும். ரீடின் கீழே மெல்லிய தகட்டுத் துண்டொன்றைத் தாங்கலாக வைத்து, இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை ஊதிப் பார்க்க வேண்டும். சுரண்டிய ரீடு உடனே தன் முடிவான சுருதியைக் காட்டுவதில்லை. ஆகவே சுருதி சேர்ந்துவிட்டது என்று தோன்றியதும் மூடியை முடுக்கிவிடாமல், வாத்தியத்தை ஓரிரவு ஓய்வாக வைத்து, மறுநாட் காலையில் மீண்டும் ஊதிக் கேட்பது நல்லது.